சின்னப்பிள்ளைகளோடு பூங்காவுக்கு: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவோம் என்று முடிவெடுத்தால், பல வீடுகளில் நடப்பது இதுதான். விடிய எழும்பி மூன்று கறியோடு சமையல். அம்மம்மாவையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு வான் வெளிக்கிடும்போது 10 மணி தாண்டிவிடும். வழியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் உச்சி வெயில். பிள்ளை சிணுங்கும், பெரியவர்கள் ஏசுவார்கள். அன்றைய நாள் அங்கேயே கெட்டுவிடும்.

முதல் தவறு இந்த நேரம்தான். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. காலை 7 மணிக்குப் போய் 10 மணிக்குள் திரும்புங்கள், இல்லையென்றால் பின்னேரம் 4 மணிக்குப் போங்கள். சமையலைக் குறைத்துவிடுங்கள். ரொட்டியும் சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். சின்னப்பிள்ளை வெளியில் போனால் சோறு கேட்காது, தண்ணீரும் கேட்காது. அதனால்தான் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. சோழகம் வீசும் மாதங்களில் இது இன்னும் முக்கியம். காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். பிள்ளைக்கு வியர்க்கவே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கும். உதடு காய்ந்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ விளையாட்டை நிறுத்தி நிழலுக்குக் கூட்டி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பையில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற் ஒன்று கிடக்கட்டும்.

இரும்புச் சறுக்கில் பிள்ளையை ஏற்றும் முன் உங்கள் புறங்கையை அதில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் பிள்ளையின் தொடை பொத்துவிடும். நித்திரையான பிள்ளையை, எழுப்ப மனமில்லாமல், பூட்டிய வானுக்குள் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் உள்ளே சூடு ஏறும்.

அடுத்தது, பலர் யோசிக்காதது: சிறுநீர் கழிக்கப் பிள்ளையைப் பற்றைக்குள் கூட்டிப் போவது. கழிப்பறை தூரமாக இருக்கும், அல்லது துப்புரவாக இருக்காது, பிள்ளைக்கோ அவசரம். ஆனால் பூங்கா வேலிக்கு அந்தப் பக்கம் வேறு நிலம். சருகுக்குள் புடையன் பாம்பு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. போர் நடந்த எங்கள் மண்ணில் மிதிவெடி அகற்றும் வேலையும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லை என்பதற்காகவும் பற்றைக்குள் இறங்காதீர்கள். வெளிக்கிட முன் வீட்டில் ஒருதடவை, போனவுடன் ஒருதடவை கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். மாற்று உடுப்பு கொண்டுபோங்கள், நனைந்தால் நனையட்டும். தெரியாத இரும்புத் துண்டைத் தொடாதே, பெரியவர்களைக் கூப்பிடு என்று 3 வயதுப் பிள்ளைக்கும் சொல்லி வைக்கலாம். நீங்கள் அப்படி ஒன்றைக் கண்டால் எடுக்காமல், வந்த வழியே திரும்பி பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள்.

பூங்காவுக்குள்ளேயும் ஒன்று இருக்கிறது. சின்னப்பிள்ளைகள் ஒன்று சேர்ந்தால் சோறு கறி காய்ச்சி விளையாடுவார்கள். மண் சோறு, இலை கீரை, காய் கறி. அந்தக் காய் மஞ்சள் அலரிக் காயாக இருந்தால் ஆபத்து. பச்சையாக, மினுமினுப்பாக, கையடக்கமாக இருப்பதால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பொறுக்குவார்கள். அந்தச் செடி முழுக்க நஞ்சு, பருப்பு இன்னும் மோசம். அது இதயத் துடிப்பையே குழப்பும். கார்த்திகைப்பூவின் கிழங்கும் ஊமத்தங்காயும் குன்றிமணியும் நஞ்சுதான். வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள், நஞ்சின் குணம் பிந்தியும் தெரியலாம். மிச்சக் காயையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

குளக்கட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும்போது பார்க்க ஊரே திரளும். அங்கே பிள்ளையின் கையை விடாதீர்கள். வேறு நாட்களில் நீர் அமைதியாகத் தெரிந்தாலும் வன்னிக் குளங்களில் முதலை உண்டு. கால் நனைக்கவும் இறக்க வேண்டாம்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பயந்து, "அதைத் தொடாத, இங்க வராத" என்று நாள் முழுக்கக் கத்துவதும் பெரிய தவறுதான். ஆபத்தான இடத்தை நீங்கள் முதலே பார்த்து விலக்கிவிட்டால், மிச்ச இடத்தில் பிள்ளையை விட்டுவிடலாம். அதைவிட மோசம், "கெதியா வா, இன்னும் பாக்கக் கிடக்கு" என்று இழுப்பது. முதல் மழைக்குப் பிறகு ஈர மண்ணில் தம்பளப்பூச்சி ஊரும். சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டி எடுத்தது மாதிரி இருக்கும். மெல்லத் தொட்டால் கால்களை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நடக்கத் தொடங்கும். ஒரு பிள்ளை அதன் முன்னால் குந்தியிருந்தால் அரை மணித்தியாலம் போகட்டும். பூங்கா முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுடையது, பிள்ளைக்கு அது கிடையாது.

இருட்ட முன் வெளிக்கிடுங்கள். காட்டோரத் தெருக்களில் பொழுதுபட யானை ஏறும். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போது காதின் பின்புறம், கக்கம், தொடை இடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பிள்ளை புல்லிலும் பற்றையோரமும் விளையாடியது என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.