ஊர் வீட்டுக்கு சோலார் போடறதுக்கு முன்னாடி ஈபி கார்டை எடுத்துப் பாருங்க

சென்னையில உக்காந்துக்கிட்டு ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு சோலார் போட்டுக் குடுக்கற கூட்டத்துல நானும் ஒருத்தன். உத்திரமேரூர் பக்கம் வீடு, கொஞ்சம் காத்தடிச்சாலே கரண்ட் போயிடும், அதுக்காகவே 3 கிலோவாட் போட்டேன், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாயும் வந்துச்சு, சந்தோஷமா இருந்தேன், சித்திரை மாசம் ஒரு மத்தியானம் அம்மா போன். "ஏன்டா, மாடியில வெயில் கொளுத்துது, கீழ ஃபேன் ஓடல"ன்னு.

தப்பு என்னோடதுதான். நான் போட்டது ஆன்-கிரிட், அதாவது ஈபி லைனோட சேந்து மட்டும் ஓடற வகை. ஈபி லைன் செத்தா, பேனல் கரண்ட்டை வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற அதோட இன்வெர்ட்டரும் தானா நின்னுடும், ஏன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்கற லைன்மேன் மேல நம்ம மாடி கரண்ட் பாஞ்சுடக் கூடாது. கரண்ட் கட்டுதான் பிரச்னைன்னா ஈபி இல்லாட்டியும் பேட்டரியை வெச்சு ஓடற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். விக்க வந்தவர் இதைச் சொல்லல, நானும் கேக்கல.

இன்னொண்ணு, கார்டை முதல்லயே பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தமிழ்நாட்டுல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ. ரெண்டு ஃபேன், நாலு லைட்டு, ஒரு டிவின்னு இருக்கற வீட்டுல பில்லே பெருசா வராது, அங்க போய் ஒரு நாளைக்கு சுமார் 12 யூனிட் குடுக்கற பேனலை மாட்டி எதை மிச்சம் பிடிக்கறது? 75 வாட் ஃபேனைக் கழட்டிட்டு கம்மி கரண்ட் இழுக்கற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினாலே சின்ன பேட்டரி ரொம்ப நேரம் தாங்கும்.

சாண எரிவாயு நல்ல விஷயம்தான், ஆனா மாட்டை எண்ணிட்டு இறங்குங்க. சாணத்தைக் கரைச்சு ஊத்தற 2 கன மீட்டர் கலனுக்கு தினமும் 50 கிலோ சாணம் போகணும், ஒரு மாட்டுக்கு 10 கிலோன்னு வெச்சாலும் அஞ்சு மாடு, அதுவும் தொழுவத்துலயே கட்டியிருந்தாத்தான், மேய விட்டா பாதி சாணம் காட்டோட போயிடும். எங்க தெருவுல ஒருத்தர் கலன் கட்டின மறு வருஷமே மாட்டை வித்துட்டாரு, இப்போ அது மேல தேங்கா மட்டை காயுது.

கரண்ட் எடுக்கற காத்தாடியை வீட்டு மாடியில வெக்கற ஆசையை விட்டுடுங்க. காத்து வேகம் பாதியானா கிடைக்கற சக்தி எட்டுல ஒரு பங்குதான், கன்னியாகுமரி பக்கம் காத்தாலைக்குப் பேர் போன ஆரல்வாய்மொழி காத்து செங்கல்பட்டுல அடிக்காது. மேட்டுப்பாளையம் கிட்ட ஓடந்துறை பஞ்சாயத்து 2006ல 350 கிலோவாட் காத்தாலை வாங்கினாங்களே, அதைக்கூட சொந்த ஊர்ல நடல, உடுமலைப்பேட்டை பக்கம் காத்து இருக்கற மைவாடியில போய் நட்டாங்க, உபரி கரண்ட்டை வாரியத்துக்கு வித்தாங்க.

ஊர்ப் பொதுவுல சோலார் தெருவிளக்குன்னா பேனல் கம்பெனி எதுன்னு மட்டும் விசாரிக்காதீங்க. பேனல் 25 வருஷம் நிக்கும், லெட்-ஆசிட் பேட்டரி நாலஞ்சு வருஷத்துல படுத்துடும், அப்போ புதுசு வாங்க யார் கணக்குலேர்ந்து காசு எடுக்கறதுன்னு கிராமசபையிலயே பேசி எழுதி வெச்சிடுங்க, எங்க ஊர் ஏரிக்கரை லைட்டு இன்னும் அந்தப் பஞ்சாயத்துலதான் நிக்குது.