பழைய பாணி ஃபஸ் பெடல்: வாங்குமுன்னும் மிதித்த பின்னும்

ஃபஸ் பெடல் என்பது கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. ஆசைப்பட்டு அதை வாங்குகிறவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே விற்கப் பார்க்கிறார்கள். "வீடியோவில் கேட்டது ஒன்று, என் வீட்டில் வருவது வேறு. தேனீக் கூட்டை டப்பாவில் அடைத்த மாதிரி இரைகிறது" என்பார்கள். பெரும்பாலும் பெடலில் குறை இருக்காது. ஃபஸ் ஓசை பெடலுக்குள் மட்டும் உருவாவதில்லை. கிட்டாரின் வால்யூம் நாப், பெடல், ஆம்ப் மூன்றும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன. காசு கொடுத்து வாங்கியது அந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான்.

எலக்ட்ரிக் கிட்டாரில் நாலைந்து கார்டு பிடிக்கத் தெரியும், ஒரு சின்ன ஆம்ப் இருக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தக் குடும்பம் என்று முடிவு செய்யுங்கள்

கிட்டாரிலிருந்து வரும் மின் அலைக்கு மேடும் பள்ளமும் உண்டு. ஓவர்டிரைவ் பெடல் மேட்டின் உச்சியை லேசாக மழிக்கும். ஃபஸ் பெடலோ அலையை ஏறக்குறைய செவ்வகமாகவே வெட்டிவிடும். கரகரப்பும், இழுத்துக்கொண்டே போகும் சஸ்டெயினும் அதனால் வருபவை.

இந்த ஓசை பிறந்ததே ஒரு பழுதில்தான். 1961-இல் வெளிவந்த, அமெரிக்கப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றுக்காக நாஷ்வில் நகரில் கிரேடி மார்ட்டின் பேஸ் வாசித்தபோது, மிக்ஸிங் கன்சோலில் கோளாறாகி ஓசை கிழிந்து வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டு ஹிட்டானதும் மற்றவர்களும் அதே ஓசையைக் கேட்க ஆரம்பித்தார்கள். பதிவு எஞ்சினியர் கிளென் ஸ்னோடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்பவருடன் சேர்ந்து அந்தக் கோளாறை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டாகச் செய்து கிப்ஸன் கம்பெனிக்குக் கொடுத்தார். 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. கிட்டாரை டிரம்பெட், சாக்ஸஃபோன் போல ஒலிக்கவைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' வந்த பிறகுதான் ஊரெல்லாம் அதைத் தேடியது. அந்தப் பாட்டின் தொடக்க ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு) மேஸ்ட்ரோவில் வாசித்ததுதான். மெலிந்த, மூக்கால் பேசுவது போன்ற ஓசை. இப்போதைய காதுக்கு அது சப்பென்று இருக்கலாம், அதனால் முதல் பெடலாக இதைச் சொல்ல மாட்டேன்.

அதே 1965-இல் லண்டனில் கேரி ஹர்ஸ்ட் டோன் பெண்டரை உருவாக்கினார். மேஸ்ட்ரோவை விடத் தடிமனான, உறுமும் ஓசை.

1966-இல் ஆர்பிட்டர் கம்பெனியின் ஃபஸ் ஃபேஸ் வந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு போல வட்டமாக இருக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்தது இதுதான். உள்ளே திறந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும்: 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெப்பாசிட்டர், 2 நாப். இவ்வளவு எளிய சர்க்யூட் என்பதால்தான் இது தனக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து குணம் மாறுகிறது.

1969-இல் நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொண்டுவந்த பிக் மஃப் நான்காவது குடும்பம். 4 சிலிக்கான் டிரான்சிஸ்டர், டையோடுகளால் இரண்டு முறை வெட்டும் அமைப்பு, தனி டோன் நாப். நடுத்தர அலைவரிசைகளைக் குழிவாக்கி, சுவர் போன்ற ஓசை தரும். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 1970-களின் பிற்பகுதியில் வாசித்த நீண்ட சோலோக்களில் இதைக் கேட்கலாம்.

என் யோசனை இது. மல்டி-எஃபெக்ட், டிஜிட்டல் ஆம்ப், ஹெட்ஃபோன் என்று வாசிப்பவர் பிக் மஃப் வகையை எடுங்கள். எங்கே சொருகினாலும் ஒழுங்காக ஒலிக்கும். நல்ல ஆம்ப் இருக்கிறது, கிட்டாரிலிருந்து நேராகப் பெடலுக்குப் போக முடியும் என்றால் ஃபஸ் ஃபேஸ் வகை. அது கற்றுக்கொடுப்பதை வேறெந்தப் பெடலும் கற்றுக்கொடுக்காது. கீழே சொல்வது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

படி 2: ஜெர்மானியமா, சிலிக்கானா

முதல் ஃபஸ் ஃபேஸ்களில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். பிறகு பி.சி.183, பி.சி.108 போன்ற சிலிக்கான் வகைகளுக்கு மாறினார்கள். ஜெர்மானியம் இதமாக, விளிம்பு மழுங்கி ஒலிக்கும். சிலிக்கான் பளிச்சென்று, காரமாக, அதிக கெய்னுடன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வரும். இதற்கு மேல் இணையத்தில் படிக்கிற வர்ணனைகளில் பாதியைத் தள்ளிவிடலாம்.

தள்ள முடியாத ஒன்று வெப்பம். ஜெர்மானியத்தில் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 18 டிகிரி இருக்கும் லண்டன் அறையில் சரியாக பயாஸ் செய்த (டிரான்சிஸ்டர் வேலை செய்யும் மின்நிலையைப் பொருத்திய) பெடல், 38 டிகிரி இருக்கும் சென்னை மே மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு கசிவோடு போராடும். ஓசை மெலியும், நோட்டின் வால் திக்கித் திக்கி அறுபடும். ஏசி அறையில் மட்டும் வாசிப்பவருக்குக் கவலையில்லை. மொட்டை மாடியிலும் கல்லூரி மைதான மேடையிலும் வாசிப்பவர் சிலிக்கான் எடுப்பதே நல்லது. ஜெர்மானியம்தான் வேண்டும் என்றால், வெளியே பயாஸ் நாப் வைத்த மாடலைத் தேடுங்கள். பகல் வெயிலில் பெடல்போர்டைத் திறந்து வைக்காதீர்கள்.

சிலிக்கானிலும் எல்லாம் ஒன்றல்ல. கெய்ன் குறைந்த பி.சி.108 வைத்தது கிட்டார் வால்யூமுக்கு அழகாகப் பணியும். கெய்ன் கூடியவை எளிதில் சீறும்.

பழைய டிரான்சிஸ்டரின் எண்ணைக் காட்டி அதிக விலை சொல்வார்கள். எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கசிவையும் கெய்னையும் அளந்து ஜோடி சேர்த்தார்களா என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் ஜெர்மானியம் பெடல் வாங்க வேண்டாம்.

படி 3: பவரைப் பாருங்கள்

சலிப்பான விஷயம்தான், ஆனால் படிக்காமல் தாண்டாதீர்கள். பழைய பாணி ஜெர்மானியம் பெடல்கள் பலவற்றில் பி.என்.பி. வகை டிரான்சிஸ்டர்கள் இருக்கும். அவற்றில் 9 வோல்ட்டின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மற்ற பெடல்களிலோ நெகட்டிவ் முனை கிரவுண்ட். இரண்டையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் வயரில் சொருகினால், பெடல்களை இணைக்கும் கேபிளின் கிரவுண்ட் வழியாக ஷார்ட் ஆகும். தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்புட் உள்ள பவர் சப்ளை வேண்டும், அல்லது பேட்டரி போடுங்கள்.

பேட்டரியே மேல் என்பேன். இந்த சர்க்யூட் மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். எல்.இ.டி. இல்லாத பெடலில் ஒரு 9 வோல்ட் பேட்டரி மாதக்கணக்கில் வரும். விலை உயர்ந்த ஆல்கலைனும் தேவையில்லை, சாதாரண பேட்டரி போதும்.

படி 4: வரிசையில் முதல் இடம்

மேலே சொன்ன இரைச்சல் புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

மற்ற பெடல்கள் கிட்டார் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் பாகம்) சிக்னலை மெல்லத் தொட்டு எடுத்துக்கொள்ளும். ஃபஸ் ஃபேஸின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் தடை) மிகக் குறைவு என்பதால் அது பிக்கப்பை அழுத்திப் பிடித்து உறிஞ்சும். அந்த அழுத்தத்தில் பிக்கப்பின் கூர்மை மழுங்கி, ஓசை உருண்டு திரள்கிறது. கிட்டாரின் வால்யூம் நாப்பும் அந்தச் சர்க்யூட்டின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு பஃப்பர் (சிக்னலை வாங்கி வலுவாக்கி அனுப்பும் சர்க்யூட்) வந்தால் இந்த உறவு அறுந்துபோகும். பெடல் பிக்கப்பைப் பார்க்காது, பஃப்பரைத்தான் பார்க்கும். ஓசை கிறீச்சிடும், வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது. பஃப்பர் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: பாஸ் (Boss) கம்பெனியின் டி.யு.-3 போன்ற டியூனர் பெடல், வயர்லெஸ் ரிசீவர், மல்டி-எஃபெக்ட், பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப். எனவே கிட்டார், ஃபஸ், பிறகுதான் டியூனர். ஆக்டிவ் பிக்கப் கிட்டார் வைத்திருப்பவர் ஃபஸ் ஃபேஸை மறந்துவிட்டு பிக் மஃப்பிடம் போவது நல்லது.

'வா-வா' என்று ஓசையை இழுக்கும் வா பெடலை ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்தால் அதன் இழுவை மங்கும், சில சமயம் ஊளையிடும். முதலில் பின்னால் வைத்து வாசித்துப் பாருங்கள்.

படி 5: ஆம்பைத் தயார் செய்யுங்கள்

பெடலை மிதிக்காமல் ஆம்பை மட்டும் திருகுங்கள். மெல்லத் தட்டினால் தெளிவு, ஓங்கி அடித்தால் லேசான கரகரப்பு, அந்த எல்லையில் கெய்னை நிறுத்துங்கள். 1960-களில் ஃபஸ் வாசித்தவர்களின் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்கள் அந்த நிலையில்தான் முழங்கிக்கொண்டிருந்தன. ஃபஸ்ஸின் முட்களை ஆம்பே கொஞ்சம் மழித்துவிடும். முழுத் தெளிவான, பளிச்சென்ற டிரான்சிஸ்டர் ஆம்பில் அந்த முட்கள் நேரே காதில் குத்தும். அப்படிப்பட்ட ஆம்ப்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் டிரெபிளை நன்றாக இறக்கி, மிட்ஸை ஏற்றுங்கள். டிஜிட்டல் ஆம்பில் கிளீன் மாடலை விட்டு, கெய்ன் குறைத்த கிரன்ச் மாடலை எடுங்கள்.

ஆடியோ இண்டர்ஃபேஸில் நேராகச் சொருகுகிறீர்களா? ஸ்பீக்கர் கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரைப் போல ஒலிக்கவைக்கும் மென்பொருள்) இல்லாமல் ஃபஸ்ஸைக் கேட்கவே கேட்காதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஹெட்ஃபோன் விழுங்காது.

படி 6: நாப்கள்

பெடலில் ஃபஸ், வால்யூம் என இரண்டே நாப். ஃபஸ்ஸை முழுக்கத் திருப்பி, ஒரு நூல் அளவு பின்வாங்குங்கள். ஓவர்டிரைவ் பழக்கத்தில் இதைப் பாதியில் வைக்கத் தோன்றும். பாதியில் இது பெரும்பாலும் பலவீனமாகத்தான் ஒலிக்கும். பெடலின் வால்யூமை, மிதித்தால் சத்தம் சற்றே உயரும் அளவுக்கு வையுங்கள்.

இனி பெடலைத் தொடாதீர்கள். கிட்டாரின் வால்யூம் 10-இல் இருக்கும்போது ஒரு கார்டு அடியுங்கள். 8-க்கு இறக்கி அதையே அடியுங்கள், பிறகு 6, பிறகு 4. எட்டில் ஓவர்டிரைவ் போலாகும். ஆறுக்கும் நான்குக்கும் இடையே எங்கோ ஓர் இடத்தில் கரகரப்பு முற்றிலும் விலகி, மணி போன்ற தெளிவான ஓசை வரும். பெடலை அணைத்துவிட்டு வாசிக்கும் கிளீனை விட அது உயிரோட்டமாக இருக்கும். அந்த இடம் கிட்டாருக்குக் கிட்டார் மாறும். உங்கள் நாப்பில் அது எந்த எண் என்று கண்டுபிடித்துவிட்டால், ஒரு பாட்டு முழுவதும் பெடலை அணைக்காமலே வாசிக்கலாம். வெர்ஸுக்கு 5, கோரஸுக்கு 8, சோலோவுக்கு 10. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் 10 சில சமயம் சேறாகிவிடும், அங்கே 8-ஐயே உச்சமாக வைத்துக்கொள்ளலாம்.

டோன் நாப்பையும் மறக்க வேண்டாம். நெக் பிக்கப்பில் டோனை 3-க்கு இறக்கினால் ஓசை வயலின் பக்கம் போகும்.

படி 7: என்ன வாசிப்பது

முழு கார்டு அடித்தால் ஏன் குழம்புகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அலையை வெட்டும்போது, ஒன்றாக ஒலிக்கும் இரண்டு நோட்டுகளின் வித்தியாசமும் ஒரு புது நோட்டாகப் பிறக்கும். ஐந்தாம் கம்பியைச் சும்மா விட்டால் 110 ஹெர்ட்ஸ். நான்காம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட் 165. வித்தியாசம் 55, அதாவது அதே ஏ நோட்டின் கீழ் ஸ்தாயி. இசைவாகச் சேர்கிறது. பவர் கார்டு ஃபஸ்ஸில் கம்பீரமாக ஒலிப்பதற்கு இதுதான் காரணம். இப்போது மூன்றாம், இரண்டாம் கம்பிகளின் 2ஆம் ஃப்ரெட்டையும் சேர்த்து ஏ மேஜராக்குங்கள். அவை 220, 277. வித்தியாசம் 57. ஏற்கெனவே இருக்கும் 55-உடன் அது மோதி அலையடிக்கும். இன்னும் ஆறு கம்பியையும் அடித்தால் எத்தனை மோதல் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால் தொடக்கத்தில் ஒற்றை நோட், ஆக்டேவ், பவர் கார்டு போதும். ஃபஸ்ஸில் வாசிக்காத கம்பியும் முனகும் என்பதால், வலது உள்ளங்கையின் ஓரத்தால் மேலே உள்ள தடித்த கம்பிகளையும் இடது கை விரல்களின் அடிப்பகுதியால் கீழே உள்ள மெல்லிய கம்பிகளையும் அடக்கப் பழகுங்கள். ஒரு நோட்டைப் பிடித்து, அது தானாக அடங்கும் வரை மற்ற ஐந்து கம்பிகளும் வாய் திறக்காமல் இருக்கிறதா என்று கேளுங்கள். வேகம் பிறகு வரட்டும்.

சத்தம் சரியில்லை என்றால்

வாசிக்காதபோது 'ர்ர்ர்' என்று உறுமினால், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரையும் டிம்மர் விளக்கையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டார் என்றால் நின்ற இடத்திலேயே கொஞ்சம் திரும்புங்கள், ஒரு திசையில் உறுமல் சட்டென்று குறையும். ரேடியோ நிலையம் கேட்டால் பயப்பட வேண்டாம். கெய்ன் கூடிய சிலிக்கான் பெடலில் அது நடப்பதுதான், குட்டையான நல்ல கேபிள் போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

தனியாக அருமையாக ஒலித்த பெடல் பேண்டோடு வாசிக்கும்போது காணாமல் போகிறதா? பிக் மஃப்பில் இது வழக்கம். குழிவான நடு அலைவரிசையை ஆம்பின் மிட்ஸ் நாப்பில் திருப்பிக் கொடுங்கள், ஃபஸ்ஸை இன்னும் ஏற்றாதீர்கள்.

பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோகிறது என்பவர்கள் இன்புட் கேபிளைப் பெடலிலேயே விட்டுவைப்பவர்களாக இருப்பார்கள். இந்தப் பெடல்களில் இன்புட் ஜாக்தான் பேட்டரிக்கு ஸ்விட்ச். காலால் மிதித்து அணைத்தாலும் கேபிள் செருகியிருக்கும் வரை மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.