நீரிழிவு உள்ள நாய்க்கு உணவு தேர்ந்தெடுக்கும்போது

நாய்களுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் இன்சுலின் ஊசி இல்லாமல் கட்டுப்படாத வகையைச் சேர்ந்தது என்பதால், எந்த உணவு என்பதைவிட, அதை எப்போது, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே முக்கியம். சுமார் 12 மணி நேர இடைவெளியில், தினமும் ஒரே உணவை ஒரே அளவில் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நாய் சாப்பிட்டதை உறுதி செய்த பிறகே ஊசி போடுவது பாதுகாப்பானது. சாப்பிட மறுத்தால் முழு அளவு இன்சுலினைப் போடாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். இதில் மட்டும் துளியும் அலட்சியம் கூடாது.

நார்ச்சத்து மிகுந்த, கொழுப்பு குறைந்த உணவு உடல் பருத்த நாய்க்கு ஏற்றது. ஆனால் ஏற்கெனவே எலும்பு தெரிய மெலிந்துவிட்ட நாய்க்கு அதே உணவு எடையை மேலும் குறைத்துவிடக்கூடும். நம் வீடுகளில் பாசத்தோடு ஊட்டும் பால் பிஸ்கட்டையும், குழைந்த வெள்ளைச் சோற்றையும் தவிர்த்து, தோல் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியுடன் உப்பில்லாமல் வெந்த பீன்ஸ், சிறிது பூசணி ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்கலாம். வெங்காயமும் பூண்டும் வேண்டாம். 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கப்படும் தின்பண்டங்களில் சைலிட்டால் என்னும் செயற்கை இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்குக் கொடிய நஞ்சாகும்.

நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ, இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கலாம் என்பதால், ஈறில் சிறிது தேனைத் தடவிவிட்டு மருத்துவரிடம் விரையுங்கள்.