ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்: வேலூரைச் செலவில்லாமல் ஒரு நாள் பார்ப்பது எப்படி?

வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. பட்டியல் இன்னும் நீளும். மிச்சத்தையும் எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

சென்னையிலிருந்து வந்த அத்தை பையன், "உங்க ஊர்ல ஆஸ்பத்திரியத் தவிர பார்க்க என்னடா இருக்கு?" என்று கேட்டபோது இந்தக் கிண்டலையே வரைபடமாக வைத்து அவனைச் சுற்றிக் காட்டினேன். நன்றாக வேலை செய்தது. இதுவும் ஒரு காலத்தில் தலைநகரம்தானே! 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகர அரசர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி என்று இடம் மாறி, கடைசியில் வேலூரிலும் உட்கார்ந்து ஆண்டார்கள். பழைய கட்டடங்களைப் பார்த்துப் பழக்கமே இல்லாதவர்களுக்காக, அன்று சுற்றிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: நாள் பார்த்துக் கிளம்புங்கள்

வெள்ளிக்கிழமை வேண்டாம். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் சொல்கிறேன். சித்திரை, வைகாசி வெயிலும் வேண்டாம். போக வேறு நாளே கிடைக்கவில்லை என்றால் காலை ஆறரைக்கே கோட்டை வாசலில் இருங்கள்.

ரயிலில் வருபவர்கள் காட்பாடியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் போதும். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே கோட்டை. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, சட்டென்று கழற்றி மாட்ட வசதியான செருப்பு, இவ்வளவு போதும். கோட்டைக்குள் போகக் கட்டணம் கிடையாது.

படி 2: உள்ளே ஓடாதீர்கள்

எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். நேராக உள்ளே போய், கோபுரத்தை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் வெளியே வந்து பிரியாணிக் கடை தேடுவார்கள். நீங்கள் முதலில் அகழிக் கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள்.

கோட்டையைக் கட்டியவர்கள் என்று சின்ன பொம்மி நாயக்கர், திம்ம ரெட்டி நாயக்கர் இருவரையும் சொல்கிறார்கள். காலம் 16-ஆம் நூற்றாண்டு, பரப்பு சுமார் 133 ஏக்கர். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் முதலில் இந்தத் தண்ணீரில் இறங்கியாக வேண்டும். அந்தக் காலத்தில் அகழி நிறைய முதலைகள் விட்டிருந்தார்களாம். இன்றைக்கு வாக்கிங் போகிறவர்கள்தான் அதைச் சுற்றி வருகிறார்கள்.

இனி மதிலைப் பாருங்கள். முன்னால் தாழ்வாக ஒன்று, பின்னால் உயரமாக ஒன்று என்று இரண்டு அடுக்கு. இடையிடையே வட்டக் கொத்தளங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். மதிலை ஒட்டி ஏணி வைப்பவனைப் பக்கவாட்டிலிருந்தும் சுட வேண்டும், அதற்குத்தான் அந்தத் துருத்தல். எங்காவது ஒரு கருங்கல் பாளத்தின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் விரலை வைத்துப் பாருங்கள். பாறையில் உளியால் குழி போட்டு, ஆப்பு இறக்கி, அதைப் பிளந்து எடுத்த தடம் அது.

படி 3: சாமி இல்லாத கோயில்

இந்தப் பட்டம் 1981 மார்ச் 16 வரைதான் செல்லும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறைகளாகப் பூஜையே கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்காகக்கூட இருந்தது. கருவறை வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் இருக்கும் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை அன்றைக்குத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த நாளை நேரில் பார்த்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கோயில் வாசலில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் நகர விட மாட்டார்கள்.

ராஜகோபுரத்தைத் தாண்டியதும் நேராகச் சன்னிதிக்குப் போகாமல் இடது கைப்பக்கம் திரும்புங்கள். கல்யாண மண்டபம். நாளில் பாதியை இங்கேயே செலவழித்தாலும் தப்பில்லை. முன்வரிசைத் தூண்களில் குதிரையும் யாளியும் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும், மேலே ஆட்கள். மொத்தத் தூண்களையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், எதுவுமே மனதில் நிற்காது. ஒரே ஒரு தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே இருந்து மேலாகப் பாருங்கள்: குதிரையின் காலடியில் யார் இருக்கிறார், சவாரி செய்பவன் கையில் என்ன, கடிவாளம் எந்த வழியாகப் போகிறது. அப்புறம் அடுத்த தூணில் அதே இடத்தைப் பாருங்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அத்தை பையன் இருபது நிமிடம் போனை எடுக்கவே இல்லை, அதுவே எனக்குப் பெரிய சாதனை.

கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, விதானத்தைப் பார்க்காமல் வராதீர்கள். நடுவில் பெரிய பூ. அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், தலைகீழாகத் தொங்கும். இந்த மண்டபத்தையே பிரித்து லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டம் போட்டதாகவும், ஏற்றிப் போக வேண்டிய கப்பல் மூழ்கிவிட்டதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. கப்பலுக்கு நன்றி!

மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் கோயிலை முதலில் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் கல்தரையில் வெறுங்கால் வைக்கவும் முடியாது. படம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ராஜா இல்லாத கோட்டை

இது பொய். ராஜாக்கள் இருந்தார்கள், கைதிகளாக.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு அவருடைய குடும்பத்தை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். திப்பு மஹால், ஹைதர் மஹால் என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. 1806 ஜூலை 9-ஆம் தேதி திப்பு மகளின் கல்யாணம். மறுநாள் விடியற்காலையில் கோட்டையில் இருந்த கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பினார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்ற உத்தரவுதான் கொதிக்க வைத்தது. கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆனால் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை அன்று காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டது. ஆற்காடு இங்கிருந்து 25 கிலோமீட்டர்தான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 வருடம் முன்னால் நடந்தது இது.

மதில் மேல் ஏற விடும் இடத்தில் ஏறி, உள்ளே இருக்கும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு இதை யோசித்துப் பாருங்கள். கோட்டைக்கு வெளியே மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை 10-ஆம் தேதியும் அங்கே மாலை போடுவார்கள். போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த கைதி இலங்கையில் இருக்கும் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1816-இல் வந்தவர், 1832-இல் இங்கேயே இறந்தார். அவர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினாறு வருடச் சிறையில் ஒரு ராஜாவுக்கு மிச்சம் இருந்த படை அதுதான் போல. அருங்காட்சியகத்துக்கு மட்டும் சின்னக் கட்டணம் உண்டு. அதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

படி 5: ஆறும் மலையும்

சாயங்காலம் ஆட்டோவில் முத்து மண்டபம் போங்கள். அந்தக் கண்டி ராஜாவின் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இருந்தால் உங்களுக்கு யோகம். மலை விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஊருக்குக் கிழக்கே சஜ்ரா, கோஜ்ரா என்று மராட்டியர் காலத்துக் கோட்டைகள் தெரியும். தனியாக ஏற வேண்டாம், மதில் மேலிருந்து பார்த்தால் போதும்.

இன்னொரு நாள் கிடைத்தால் ஆற்காடு. நவாபுகளின் தலைநகரில் இன்றைக்கு நிற்பது பெரும்பாலும் டெல்லி கேட் ஒன்றுதான், அரை மணி நேரம் போதும். அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடாவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

படி 6: ராத்திரியை விட்டுவிடாதீர்கள்

சித்ரா பௌர்ணமியன்று வந்தால் பூப்பல்லக்குகள். டவுனில் பல கோயில்களிலிருந்து பூ அலங்காரத்தோடு வரும். கூட்டம் நெரியும், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது கூத்து. பங்குனியிலிருந்து வைகாசி வரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். சுவரொட்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து, விடிய விடிய. டிக்கெட் கிடையாது. முதல் தடவை போகிறவர்கள் 'அர்ச்சுனன் தபசு' நடக்கும் நாளைக் கேட்டுப் போங்கள். உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார்கள், கதை தெரியாவிட்டாலும் கண் எடுக்க முடியாது.

பாய் எடுத்துப் போங்கள். மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் விரிக்காதீர்கள், வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு வரும்போது இடம் விட வேண்டும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரேயும் வேண்டாம். ஆர்மோனியக்காரர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னால், ஆள் தெரிவதற்கு முன்பே சலங்கை கட்டிய கால்கள் மட்டும் தெரியும்.