முன்கதை நாவல் ஏமாற்றினால்: குறை எங்கே என்று பிடிக்கும் வழி

பிடித்த மாயாஜாலத் தொடருக்கு, அதற்கும் முந்தைய காலத்தைச் சொல்லும் முன்கதை வந்து, படித்ததும் மனசு விட்டுப்போகிறது. 'சப்பென்று இருக்கு' என்பது வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசப் போதாது. மூல நாவலையும் ஒரு 40 பக்க நோட்டையும் எடுங்கள்.

மூலத்தில் பழங்காலம் பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் மூன்று கட்டமாகக் கோடு போட்டு எழுதுங்கள்: செய்தி, பக்க எண், சொன்னது யார். மூன்றாவது கட்டத்தில்தான் உயிர் இருக்கிறது. கதைசொல்லி சொன்னதை முன்கதை மாற்றினால் பிழை. ஒரு பாத்திரம் சொன்னதை மாற்றினால் உடனே பாய முடியாது. அந்த ஆள் பொய் சொல்லியிருக்கலாம். ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் டோல்கீனே இப்படித்தான் தப்பித்தார். 1937-இல் வந்த அவருடைய 'ஹாபிட்' நாவலில் கொல்லம் என்ற பாத்திரம் தன் மோதிரத்தைப் பந்தயப் பரிசாகத் தர ஒப்புக்கொள்ளும். பின்னால் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பெருங்கதைக்கு அது ஒட்டவில்லை. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி, பழைய வடிவத்தை நாயகன் பில்போ சொன்ன பொய்யாக்கிவிட்டார்.

அடுத்து வயது. மூலத்தில் 60 வயதுக் கிழவர் 'போர் முடிந்து 45 வருஷம்' என்றால், போர் முடிந்தபோது அவருக்கு 15. முன்கதையில் அதே போருக்கு அவரே படைத்தலைவர் என்றால் கணக்கு உதைக்கிறது.

சேர்வராயன் மலையில் நடக்கும் கதையா? செடிகொடியையும் பாருங்கள். 300 வருஷம் பின்னால் போன கதையில் காப்பிப்பூ மணக்கக் கூடாது. அந்த மலையிலுள்ள ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். கொண்டை ஊசி வளைவுச் சாலையும் அப்போது கிடையாது. மாயக்கதைதானே என்பார்கள். யாளி பறக்கட்டும், காப்பி எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

ஆனால் இவை சில்லறைப் பிழைகள். ஏமாற்றம் பெரும்பாலும் விளக்கித் தள்ளுவதில் இருக்கிறது: வில்லனின் தழும்புக்கு ஒரு அத்தியாயம், வாளின் பெயருக்கு ஒன்று. அப்படிப்பட்ட அத்தியாயங்களில் விளக்கம் என்பதற்கு 'வி' என்று குறியிடுங்கள். அதை எடுத்துவிட்டும் கதை நகர்ந்தால், பின்னிணைப்பில் போட்டிருக்கலாம் என்று தைரியமாக எழுதலாம். முடிவு முன்பே தெரிந்த கதையில் நாயகன் ஜெயிப்பானா என்று யாரும் பதறுவதில்லை. எதை இழந்து ஜெயித்தான் என்பதற்காவது இடம் இருக்கிறதா, பாருங்கள்.

கடைசிப் பக்கத்தை உங்கள் ஆசைகளுக்கு ஒதுக்குங்கள். பிடித்த பாத்திரம் வரவில்லை என்ற மனக்குறை அங்கேயே இருக்கட்டும். விமர்சனத்தில் சேர்க்க வேண்டாம்.