புது ஊரில் கான்செப்ட் ஸ்டோர்களைத் தேடிப் பார்ப்பது எப்படி

துணி, புத்தகம், விளக்கு, வாசனைத் திரவியம், பீங்கான் கோப்பை என்று எல்லாவற்றையும் ஒருவருடைய ரசனைப்படி பொறுக்கி எடுத்து ஒரே இடத்தில் வைத்திருக்கும் கடைதான் கான்செப்ட் ஸ்டோர். மிலானில் கார்லா சொஸ்ஸானி 1990-ல் தொடங்கிய '10 கோர்ஸோ கோமோ' என்ற கடை இந்த வகைக்கு முன்னோடி. பாரிஸில் 1997-ல் திறந்த கோலெட், உலகமே வந்து பார்த்த கடை. நடத்திய பெண்மணி ஓய்வெடுக்க விரும்பியதும் 2017 டிசம்பரில் மூடிவிட்டார்கள். வியாபாரம் படுத்ததால் அல்ல. ஒருவரின் ரசனையில் நிற்கும் கடைக்கு ஆயுள் இப்படித்தான். அதனால் 'போக வேண்டிய பத்துக் கடைகள்' வகைப் பட்டியல் இரண்டு வருடம் பழையதாக இருந்தால் அதில் பாதியைச் சந்தேகப்படுங்கள்.

பட்டியல்களை விட நம்பகமான வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த சிறிய பிராண்டுகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: நோட்டுப் புத்தகம், சோப்பு, கண்ணாடிச் சட்டம், எதுவானாலும் சரி. அவற்றின் இணையதளத்தில் எந்தெந்தக் கடைகளில் அவர்களுடைய பொருள் கிடைக்கும் என்று ஊர்வாரியாக ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலும் அடியில், சின்ன எழுத்தில். நீங்கள் போகும் ஊரைத் தேடுங்கள். இரண்டு பிராண்டுகளின் பட்டியலிலும் ஒரே கடையின் பெயர் வந்தால் அதுதான் உங்கள் முதல் கடை. பிறகு அந்தக் கடையின் இன்ஸ்டாகிராம் கணக்கு அதே ஊரில் யாரையெல்லாம் பின்தொடர்கிறது என்று பாருங்கள். கடைக்காரர்களுக்குச் சக கடைக்காரர்களைத் தெரியும். பக்கத்துத் தெரு மட்பாண்டப் பட்டறையும் சின்னப் பதிப்பகமும் அங்கேதான் அகப்படும்.

கிடைத்த கடைகளை மேப்பில் குறித்து, நடந்து போகும் தூரத்தில் கொத்தாக இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரை நாளுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. ஐந்தாவது கடைக்குள் நுழையும்போது எல்லாக் கடைகளும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும். கண் களைத்துவிட்டது என்று அர்த்தம். ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கும் ஒரு கடைக்காக இரண்டு மணி நேரம் செலவழிப்பது பெரும்பாலும் வீண்.

போகும் நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் கடைகள் காலை பதினொன்றுக்கோ நண்பகலுக்கோதான் திறக்கும். பல ஊர்களில் திங்கட்கிழமை விடுமுறை. ஜெர்மனியில் ஞாயிறன்று ஏறக்குறைய எல்லாக் கடைகளுமே மூடியிருக்கும். லண்டனின் 'டோவர் ஸ்ட்ரீட் மார்க்கெட்' என்ற கடை, சீசன் மாறும்போது, ஆண்டுக்கு இருமுறை, சில நாட்கள் மூடி உள்ளமைப்பையே மாற்றிவிடும். சிறிய கடைகளோ கண்காட்சிக்கு, கொள்முதலுக்கு என்று திடீரென அடைக்கப்படும். கூகுள் மேப்ஸ் காட்டும் நேரத்தை மட்டும் நம்பாமல், கிளம்பும் அன்று காலை கடையின் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைப் பாருங்கள். கடைசிப் பதிவு பல மாதம் பழையது என்றால் போன் செய்யாமல் போகாதீர்கள். வார நாள் பிற்பகலே நல்ல நேரம்: கூட்டம் இருக்காது, கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும்.

வாசலைத் தவறவிடுவதும் சகஜம். வாடகை குறைவான இடம் தேடிப் போவதால் இவை பழைய தொழிற்கூடங்களிலும் மாடிகளிலும் உள்முற்றங்களிலும் ஒளிந்திருக்கும். பெர்லினின் வூ ஸ்டோர் தெருவைப் பார்த்தே இருக்காது. முற்றத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பாரிஸின் மெர்சி கடையும் அப்படியே. மேப் புள்ளி காட்டும் இடத்தில் கடை இல்லையென்றால் திரும்பிவிடாமல் வாயிற்கதவருகே உள்ள பெயர்ப்பலகைகளைப் படியுங்கள்.

உள்ளே போனதும் எதையும் எடுக்காமல் ஒரு சுற்று நடங்கள். எதன் பக்கத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் கடையின் மூளை இருக்கிறது. இரண்டாவது சுற்றில் பொருளைத் திருப்பி அடிப்பக்கத்தையும் லேபிளையும் பாருங்கள்: செய்தவர் பெயர், செய்த இடம், முத்திரை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்த ஊரிலேயே செய்த பொருள் எது?" உற்சாகமாக மூன்று ஷெல்ஃபைக் காட்டினால் நல்ல கடை. தடுமாறினால், மொத்த விற்பனைத் தளங்களில் எல்லாருக்கும் கிடைக்கும் அதே மெழுகுவர்த்தியும் அதே போஸ்டரும்தான் அங்கே இருக்கக்கூடும். சந்தேகமிருந்தால் பொருளின் பெயரை வெளியே வந்து தேடிப் பாருங்கள். கடைக்குள் நின்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துத் தேடுவது மரியாதையல்ல. படம் எடுக்கும் முன் கேளுங்கள், முக்கியமாகத் தனிக் கலைஞர்களின் படைப்புகளை. கேட்டால் அநேகமாக மறுக்க மாட்டார்கள்.

வாங்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

துணியின் அளவு எண் நாட்டுக்கு நாடு மாறும். பெண்கள் உடையில் இத்தாலிய 42, பிரெஞ்சு 38, ஜெர்மன் 36, பிரிட்டிஷ் 10 எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஜப்பானியச் சிறு பிராண்டுகள் 1, 2, 3 என்று போட்டிருப்பார்கள். எண்ணை விட்டுவிட்டு அணிந்து பாருங்கள். ஏனென்றால் சிறிய கடைகள் பல, பணத்தைத் திருப்பித் தராது. மாற்றிக்கொள்ளவோ கடைக் கிரெடிட்டாகவோதான் தரும். நாளை ஊர் திரும்புகிறவருக்கு அதனால் என்ன பயன்? பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மின்விளக்கு என்றால் வோல்டேஜைப் படியுங்கள். 100 அல்லது 120 வோல்ட் மட்டும் தாங்கும் விளக்கை 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். பிளக் அடாப்டர் முனையை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

கார்டு இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்தில் செலுத்தலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, கடை இருக்கும் நாட்டின் பணத்திலேயே கட்டுங்கள். முதல் வழியில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

பீங்கானுக்குக் கடை தரும் அழகான பெட்டி அன்பளிப்புக்கானது, விமானத்துக்கானது அல்ல. கோப்பையின் உட்புறத்தைச் சுருட்டிய காலுறையால் நிரப்பி, பபிள் ராப் சுற்றி, பயணப்பெட்டியின் நடுவில் எல்லாப் பக்கமும் துணி இருக்கும்படி வையுங்கள். உடைவது பெரும்பாலும் பெட்டிச் சுவரை ஒட்டி இருக்கும்போதுதான். போஸ்டரைச் சுருட்டி வைக்க அட்டைக் குழாய் கேளுங்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட வாசனைத் திரவியம் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பெட்டியில் போகாது, கத்தியும் அப்படியே. பொருளில் பொருத்தாமல் தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியோ கைப்பெட்டியில்தான் போக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் அங்கே வாங்கினால், குறைந்தபட்சத் தொகையைத் தாண்டிய பில்லுக்கு வாட் வரியைத் திரும்பப் பெறலாம். தொகை நாட்டுக்கு நாடு மாறும். எல்லாச் சிறு கடைகளும் இதில் சேர்ந்திருப்பதில்லை. சேர்ந்த கடை என்றால் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கடைகள் தந்த இந்தச் சலுகை 2021 முதல் இல்லை. விமான நிலையத்தில் சுங்கத்துறை முத்திரையை முதலில் பெற்றுவிட்டுப் பெட்டியைப் பிறகு ஒப்படையுங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் படிவத்தால் பயனில்லாமல் போகலாம்.