காசைப் படமெடுக்க எவ்வளவு காசு? நாணயப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய நாணயத்தில் ஆண்டு எண்ணுக்குக் கீழே ஒரு பொடிக் குறி இருக்கும். வைர வடிவம் என்றால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. சேகரிப்பவர்களுக்கு அந்தக் குறிதான் முக்கியம். 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆண்டே யானையைத் திருத்தினார்கள். அந்த ரூபாயை யாராவது விற்பனைக்குப் படம் போட்டால் எல்லோரும் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது யானையைத்தான். அந்த அளவு நுணுக்கம் தெரிகிற படத்தைக் குறைந்த செலவில் எடுக்க முடியும். ஆனால் பெரும்பாலோர் பணத்தைத் தவறான இடத்தில் போட்டுவிடுகிறார்கள்.

தவறு கடையிலேயே தொடங்குகிறது. பட்ஜெட்டில் முக்கால்வாசியைக் கேமரா பாடிக்குக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்துக்கு வீட்டு டியூப் லைட் போதும் என்று வந்துவிடுவார்கள். நாணயம் ஓடாது, நமக்கும் அவசரம் இல்லை. வேகமான ஆட்டோஃபோகஸ், இருட்டிலும் எடுக்கிற ஐஎஸ்ஓ, 4கே வீடியோ எதுவும் இந்த வேலைக்குத் தேவைப்படாது. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் கேனான் 1100டியை எடுத்துக்கொள்வோம். பழைய மாடல், வெறும் 12 மெகாபிக்சல். 2019 வரிசை ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 20 மி.மீ. அதைச் சென்சாரில் பாதி அளவில் விழும்படி எடுத்தாலே குறுக்காகச் சுமார் 1900 பிக்சல் கிடைக்கும். இணையத்தில் போட 1000 பிக்சலே தாராளம். பாடியில் கட்டாயம் இருக்க வேண்டியது, எடுக்கும் முன்பே காட்சியைத் திரையில் காட்டும் லைவ் வியூ மட்டும்தான். கேனான் என்றால் ஈஓஎஸ் யூட்டிலிட்டி மென்பொருள் இலவசம். லேப்டாப் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வைத்து, கேமராவைத் தொடாமல் அங்கிருந்தே க்ளிக் செய்யலாம்.

அடுத்தது, 1:1 மேக்ரோ லென்ஸ் (பொருளை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழவைப்பது) இல்லாமல் நாணயம் எடுக்கவே முடியாது என்ற நம்பிக்கை. கணக்கைப் பாருங்கள். 1100டியில் இருப்பது போன்ற ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ. 1:1 வைத்தால் 15 மி.மீ.க்கு மேலான எந்த நாணயமும் முழுசாக அடங்காது. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 30.5 மி.மீ.; அதற்குப் பாதி உருப்பெருக்கமே அதிகம். ஆகவே 1:2 வரை மட்டும் போகிற பழைய மேனுவல் மேக்ரோ லென்ஸ் போதும். நிக்கானின் 55 மி.மீ. மைக்ரோ-நிக்கோர் அப்படி ஒன்று. அடாப்டர் போட்டுக் கேனானிலும் மாட்டலாம்.

அதையும்விட மலிவான வழி, டார்க் ரூம் என்லார்ஜர்களில் இருந்த லென்ஸ். தட்டையான நெகட்டிவைத் தட்டையான தாளில் கூர்மையாக விழவைப்பதற்கென்றே செய்தவை அவை. தட்டையான நாணயத்துக்கும் அருமையாகப் பொருந்துகின்றன. எல்-நிக்கோர் 75 மி.மீ. லென்ஸை எம்39 அடாப்டர் வழியாக, மொத்தம் 65 மி.மீ. சுமார் வருகிற எக்ஸ்டென்ஷன் டியூப்களில் (லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும் வெற்றுக் குழாய்கள்) மாட்டினால் கிட்டத்தட்ட பாதி உருப்பெருக்கம் வந்துவிடும். மின் தொடர்பு இல்லாத டியூப்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். என்லார்ஜர் லென்ஸில் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையை, மாற்றும் வளையம் லென்ஸிலேயே இருப்பதால் அந்தச் சாதாரண டியூப் போதும். அதே டியூபைக் கேமராவோடு வரும் கேனான் கிட் லென்ஸுக்குப் போட்டால் அபர்ச்சரைக் கட்டுப்படுத்த முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: கிட் லென்ஸில் டியூபோ, லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங்கோ போட்டால் லென்ஸின் முன்பகுதி நாணயத்துக்கு மிக அருகில் போய்விடும். அப்புறம் வெளிச்சம் எந்த வழியாக உள்ளே வரும்? 75 மி.மீ. லென்ஸ் பாதி உருப்பெருக்கத்தில் நாணயத்திலிருந்து 22 செ.மீ. தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில்தான் விளக்குகள் வேலை செய்கின்றன.

அபர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கினால் எல்லாம் கூர்மையாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. இவ்வளவு நெருக்கத்தில், சின்னத் துளை வழியே வரும் ஒளி பரவுகிற டிஃப்ராக்‌ஷன் படத்தை மொத்தமாக மழுக்கிவிடும். எஃப் 5.6-இலிருந்து எஃப் 8 வரை போதும்.

ட்ரைபாடைக் கவிழ்த்து வைத்து எடுப்பவர்களுக்கு நாணயம் லேசாக முட்டை வடிவில் வருவதற்குக் காரணம் சாய்வு. இரண்டு டிகிரி சாய்ந்தாலே 25 மி.மீ. நாணயத்தின் இரு ஓரங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 0.9 மி.மீ. உயர வித்தியாசம் வந்துவிடும். எஃப் 8-இல் நல்ல கூர்மையாகக் கிடைக்கும் ஆழமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு பக்க எழுத்து பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் இருந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். பழைய என்லார்ஜரின் தூண் கிடைத்தால் அதுவே சரியான ஸ்டாண்டு. இல்லையென்றால் கனமான பிளைவுட் பலகையில் ஜிஐ பைப்பை ஃபிளாஞ்ச் வைத்து நிறுத்தலாம். கேமராவின் அடியில் இருப்பது கால் இஞ்ச், இஞ்ச்சுக்கு 20 புரி உள்ள துளை. ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் பிஎஸ்டபிள்யூ போல்ட் என்று கேளுங்கள், அது ஏறும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள், துளை ஆழமில்லாதது.

சாய்வைச் சரிபார்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. நாணயம் வைக்கும் இடத்தில் சின்ன முகக் கண்ணாடியை வைத்து, லைவ் வியூவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் இருந்தால் கேமராவும் தளமும் இணையாக இருக்கின்றன. மட்டக்கோலைவிட இது நம்பகமானது, ஏனென்றால் மேசையே சாய்ந்திருந்தாலும் இது ஏமாறாது.

விளக்குக்கு வருவோம். பெரும்பாலான நாணயப் படங்கள் கெட்டுப்போவது இங்கேதான். நாணயம் ஒரு கரடுமுரடான சின்னக் கண்ணாடி. அதன்மேல் விழுவதை அப்படியே திருப்பி அனுப்பும். ரிங் லைட் விற்பவர்கள் 'நிழலே விழாது' என்பார்கள். நிழல் இல்லையென்றால் புடைப்பும் இல்லை. மன்னரின் தாடியும் கிரீடமும் ஒரே சாம்பல் பரப்பாகிவிடும். இரண்டு சின்ன எல்இடி மேசை விளக்குகளை வாங்குங்கள். நாணயத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, பத்து மணி, இரண்டு மணி திசைகளில், லென்ஸை ஒட்டி எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள். புழங்காத வெள்ளி நாணயத்தில் சக்கரம் போலச் சுழலும் மினுக்கு அப்போதுதான் படத்தில் வரும். அதே நாணயத்துக்கு விளக்கின் முன்னால் டிரேசிங் பேப்பரைக் கட்டினால் மினுக்கு செத்துவிடும்.

தேய்ந்த செப்புக்காசுக்கு நேர்மாறு. ராஜராஜ சோழனின் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவத்தோடு நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற எழுத்து. பல காசுகளில் எழுத்து பாதி தேய்ந்து, கறுத்துப் போயிருக்கும். அங்கே ஒரே விளக்கைத் தாழ்வாக, முப்பது டிகிரி போல, மேல்பக்கத்திலிருந்து விட்டால் தேய்ந்த கோடும் நிழல் பிடித்து எழும்பும். இந்தத் தாழ்ந்த வெளிச்சத்தைப் புது வெள்ளிக்குப் பயன்படுத்தினால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடப் பள்ளமாகத் தெரிந்து, நல்ல நாணயத்தை வாங்குபவர் வேண்டாமென்று போய்விடுவார்.

எந்த நாணயமானாலும் வெளிச்சம் உருவத்தின் தலைப்பக்கத்திலிருந்து வரட்டும். கீழேயிருந்து வந்தால் புடைத்த முகம் குழிந்ததுபோலத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பழகியிருக்கிறது.

சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடி போலப் பளபளப்பாக அடிக்கும் புரூஃப் நாணயங்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு. போட்டோ ஃபிரேமிலிருந்து எடுத்த மெல்லிய கண்ணாடியை லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவே 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து விளக்கடித்தால் வெளிச்சம் நேர்கீழே இறங்கும். விளக்கு நாணயத்தில் நேரடியாகப் படாமல் ஓர் அட்டையை இடையில் நிறுத்துங்கள்.

நிறம் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் எல்இடியும் கலப்பது. எடுக்கும்போது மற்றதெல்லாம் அணைந்திருக்கட்டும். சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸைக் கையால் அமைத்துவிடுங்கள். சீலிங் ஃபேனையும் நிறுத்துங்கள், ஸ்டாண்டை அது ஆட்டும். கறுப்புத் துணிமேல் வைத்து ஆட்டோவில் எடுத்தால், கேமரா இருட்டென்று நினைத்து வெள்ளியை வெளுத்துவிடும். மேனுவல் மோடுக்குப் போங்கள். துணிக்குப் பதிலாக ஒரு பாட்டில் மூடியின்மேல் நாணயத்தை உயர்த்தி வைத்தால், கீழே உள்ள காகிதம் ஃபோகஸுக்கு வெளியே போய், நிழலும் தூசும் தெரியாது.

படம் நன்றாக வர வேண்டுமே என்று நாணயத்தைத் தேய்ப்பது இருக்கிறதே, மற்ற எல்லாத் தவறுக்கும் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம், இதற்கு மாற்றே கிடையாது. புளி, எலுமிச்சை, பீதாம்பரி எதுவும் கிட்டே வரக் கூடாது. செம்பின் மேல்படலம் போனால் காசின் மதிப்பும் போயிற்று. தூசிக்குக் கை பம்ப் ஊதி போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறித்துப் புள்ளி விழும். விளிம்பில் பிடியுங்கள், கீழே மெத்தென்று துணி விரித்திருக்கட்டும்.

போன் மட்டும்தான் இருக்கிறதா, சரி. நாணயத்தை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். போனின் நிழலே அதன்மேல் விழும், பல போன்கள் தானாக அல்ட்ரா வைடுக்கு மாறிவிடவும் செய்யும். அந்தத் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு, 2 மடங்கு ஜூம் வைத்துத் தள்ளி நில்லுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு எவர்சில்வர் டப்பாக்களின் மேல் போனைப் பாலம் போலக் கிடத்தினால் கையும் ஆடாது, சாய்வும் வராது. திரையில் நாணயத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு, மூன்று விநாடி டைமரில் எடுங்கள்.